இத்ரீஸின் கீழ்த்தாடை

செவ்வாய் நாள் 148 · 08:30
வழக்கமான பதிவு

விண்கலம் நெய்தல், செவ்வாய்ச் சுற்றுப்பாதை. காற்று சரி. நீர் மறுசுழற்சி சரி. இரண்டாவது சூரியத் தகடு இன்னும் சற்றுக் கோணலாகவே நிற்கிறது, மின்சாரத்துக்குக் குறைவில்லை.

எழுதுபவர் மருத்துவர் ரெனிட்டா எபனேசர். கலத்தை ஓட்டுவதும் நான்தான். இங்கே வேறு யாரும் இல்லை. கீழே, வடக்குப் பனிப்பரப்பின் ஓரத்தில் இருக்கும் முகாமில் துளைப் பொறியாளர் இத்ரீஸ் இருக்கிறார். அவரும் தனி. பயணமே இரண்டு பேருக்கானது. அவர் பனியைத் துளைத்து மாதிரி எடுக்க வேண்டும். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்து, அவர் ஏறி வந்ததும் பூமிக்கு அழைத்துப் போக வேண்டும். இந்தப் பதிவு யார் கைக்குப் போனாலும் விளங்கட்டும் என்று ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

முகாமில் இருக்கும் மருத்துவக் கை மாதாந்திர ஸ்கேன் அனுப்பியது. நான் இங்கிருந்து இயக்கும் இயந்திரக் கை அது. இதயம் நன்று. தொடை எலும்பு எதிர்பார்த்த அளவு. மூன்று மாதம் முன்பு துளைக்கம்பி உதறி அவர் முகத்தில் அடித்ததில் கீழ்வரிசை இடப்பக்கம் ஐந்து பற்கள் போயின. காயம் ஆறிவிட்டது. தழும்பு தடிப்பாக இருக்கிறது.

இடப்பக்கக் கீழ்த்தாடையின் உயரம் ஐந்தரை மில்லிமீட்டர் என்று காட்டுகிறது. அளவெடுத்ததில் பிழை இருக்க வேண்டும். நாளை மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய் நாள் 149 · 09:15
தாடை, மறு அளவு

பிழை இல்லை. ஐந்தரை.

பல் இருக்கும்வரை ஒவ்வொரு கடியும் தாடை எலும்புக்கு வேலை கொடுக்கிறது. பல் போனால் அந்த இடத்து எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பை உடல் கரைத்து எடுத்துக்கொள்ளும். பூமியில் அதற்கு ஆண்டுகள் ஆகும். இங்கே எடை குறைவு, சாப்பாடு பெரும்பாலும் கூழ். மாதங்களிலேயே கரைந்துவிட்டது. எடையே இல்லாத நானும் இடுப்பிலும் தொடையிலும் கரைந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் தாடை நிற்கிறது. நான் மெல்லுகிறேன்.

விஷயம் சாப்பாடு அல்ல. முகாமிலிருந்து அவரை என்னிடம் கொண்டுவரும் ஏறும் கலத்தில் தலையை அசையாமல் பிடிப்பது ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தாடைக் குவளை. ஏறும்போது தலையின் பாரம் நான்கு மடங்காகி அந்தக் குவளை வழியாகத் தாடையில் இறங்கும். பத்தரை மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் தாடை ஒடியும். ஒடிந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். குவளையை அறுத்து எடுத்துவிடலாமா என்று வரைபடத்தைப் பார்த்தேன். காற்றுக் குழாய் அதற்குள்தான் ஓடுகிறது.

தாடை பத்தரை இல்லாத ஒருவரை நான் ஏற அனுமதிக்கக் கூடாது என்பது விதி. திரும்பும் நாள் 322. அதைத் தவறவிட்டால் கோள்கள் மறுபடி நேர்வர இரண்டு வருடத்துக்கும் மேல் ஆகும்.

பூமிக்கு எல்லாப் படங்களையும் அனுப்பிவிட்டேன். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

செவ்வாய் நாள் 152 · 14:40
பூமியின் திட்டம்

தாடை அறுவை மருத்துவர் தாயுமானவனின் குரல் வந்தது. அமைதியான குரல்.

"டாக்டர் ரெனிட்டா, படத்தைப் பார்த்தோம். எலும்புப் பொடியும் வளர்ச்சி மருந்தும் கலந்து வச்சு, மேல டைட்டானியம் வலை போட்டு மூடுங்க. மருந்துப் பெட்டியில எல்லாம் இருக்கு. இந்த முறையில எட்டு மில்லி வரைக்கும் ஏத்தியிருக்கோம், நூத்துக்கணக்கான பேருக்கு. உங்களுக்கு வேண்டியது அஞ்சுதான். அஞ்சு மாசத்துல எலும்பு கெட்டிப்படும். இப்பவே ஆரம்பிச்சா நேரம் சரியா இருக்கும்."

நான் அனுப்பிய பதில்: "டாக்டர், அந்த நூத்துக்கணக்கான பேரை விடுங்க. இந்த ஒருத்தர் படத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்க. மூணுக்கு மேல முடியும்னு எனக்குத் தோணல."

காரணத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன். உதட்டுக்குப் போகும் நரம்பு பெரும்பாலானவர்களுக்குத் தாடையின் ஆழத்தில் ஓடும். இவருக்கு எலும்பு கரைந்து, நரம்பு ஏறக்குறைய மேல்விளிம்புக்கே வந்துவிட்டது. வலையைப் பிடிக்க ஆணி இறக்க இடம் இல்லை. மிச்சமிருக்கும் எலும்போ உச்சியில் கத்தி முனைபோல மெல்லியது; பொடி உட்கார மேடை வேண்டாமா? உள்பக்கம், நாக்குக்கு அடியில், எலும்பு ஆழமாகக் குழிந்திருக்கிறது. அந்தக் குழியை ஒட்டி ஒரு ரத்தக் குழாய் போகிறது. அதைத் தொட்டால் வாயின் தரை ரத்தத்தில் உப்பி மூச்சை அடைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் அந்த ஈறு. தழும்பு விழுந்த ஈறு இழுத்தால் வராது. எலும்பை எவ்வளவு உயர்த்தி வைத்தாலும் அதைப் போர்த்த ஈறு வேண்டும். இவருக்கு இருப்பது மூன்று மில்லிமீட்டரைப் போர்த்த மட்டும்.

செவ்வாய் நாள் 154 · 10:05
இத்ரீஸுடன் பேச்சு

பூமி தன் திட்டத்தை மாற்றவில்லை. அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சை அப்படியே பதிகிறேன்.

அவர் காயல்பட்டினம், நான் நாசரேத். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். பயிற்சிக் காலத்திலிருந்தே அவர் எனக்குக் காக்காதான்.

இத்ரீஸ்: "சுத்தி வளைக்காம சொல்லுங்க டாக்டரம்மா. வைக்கலன்னா என்ன ஆவும்?"

நான்: "ஏறும்போது தாடை ஒடியும் காக்கா. ஹெல்மெட்டுக்குள்ள மூச்சு அடைக்கும்."

இத்ரீஸ்: "வச்சா?"

நான்: "மூணு மில்லி வரைக்கும் உங்க ஈறு தாங்கும். அஞ்சு தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

இத்ரீஸ்: "மூணு வச்சா என்னைய ஏற விடுவியளா?"

நான்: "முடியாது."

இத்ரீஸ்: "அப்ப அஞ்சு வைங்க. இதுல எங்கிட்ட கேக்கதுக்கு என்ன இருக்கு?"

பிறகு அவரே, இன்று துளை நல்ல ஆழம் போயிருக்கிறது என்று வேறு பேச்சுக்குப் போனார்.

செவ்வாய் நாள் 157 · 19:20
அறுவை

முகாம் அடிவானத்துக்குக் கீழே மறையும் முன் முடிக்க வேண்டியிருந்தது. மறைந்தால் தொடர்பு அறும்; இயந்திரக் கை வாய்க்குள்ளேயே நின்றுவிடும். முடித்துவிட்டேன்.

ஈறைத் திறந்தேன். எலும்பு ஸ்கேனில் கண்டதைவிட மோசம். ஆணிகளை நரம்புக்கு முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக இறக்கினேன். உள்பக்கக் குழியின் பக்கமே போகவில்லை. பொடி, மருந்து, வலை. ஐந்து மில்லி உயரம் வந்தது. ஈறை இழுத்துத் தைத்தபோது நூல் விண்ணென்று நின்றது. ஈறின் விளிம்பு வெளுத்தது. வெளுப்பு என்றால் ரத்தம் போகவில்லை என்று பொருள். சற்று நேரம் காத்திருந்தேன். மெல்லச் சிவந்தது. ஆனால் முழுவதும் சிவக்கவில்லை.

அவர் கண் விழித்ததும் கேட்டது: "கம்பி எல்லாம் உள்ள போயிட்டா?"

போய்விட்டது என்றேன்.

செவ்வாய் நாள் 171 · 08:30
வழக்கமான பதிவு

கலம் நன்று. சூரியத் தகட்டை நேராக்கிவிட்டேன்.

வீக்கம் வடிந்துவிட்டது. தையல் சுத்தமாக இருக்கிறது. பூமியிலிருந்து வாழ்த்து வந்திருந்தது. இத்ரீஸுக்குப் போட்டுக் காட்டினேன்.

"ஊருக்குப் போனதும் மொத வேலை, ஒரு நல்லி எலும்ப ரெண்டு கையாலயும் புடிச்சுக் கடிச்சு இழுக்கணும். எம் பொஞ்சாதி தலையில அடிச்சுக்குவா," என்றார்.

நான் பயந்தது வீண் என்று தோன்றுகிறது. தவறாக நினைத்தேன் என்று எழுத இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

செவ்வாய் நாள் 183 · 07:10

இத்ரீஸ்: "டாக்டரம்மா, நாக்குல என்னமோ கம்பி மாதிரி தட்டுது."

கேமராவை உள்ளே விடச் சொன்னேன். ஈறு நடுவில் பிளந்திருக்கிறது. அரிசி அளவு பிளவு. அதற்குள் டைட்டானியம் பளபளக்கிறது.

கழுவும் மருந்து, ஒரு நாளைக்கு ஆறு வேளை. சிறிய பிளவுகள் சில சமயம் தானே மூடும். மூடும் என்று அவரிடம் சொன்னேன்.

செவ்வாய் நாள் 187 · 21:00

மூடவில்லை. பிளவு இப்போது விரல் நுனி அளவு. சீழ். காய்ச்சல். கீழே அவர் நடுங்குவது கேமராவில் தெரிகிறது. ஒரு போர்வையை எடுத்துப் போர்த்தக்கூட அங்கே ஆள் இல்லை. இயந்திரக் கையால் போர்த்தினேன். அறுவைக் கருவி பிடிக்கும் கை அது. போர்வையைப் பிடிக்கத் தெரியவில்லை. மூன்று தடவை நழுவிற்று.

செவ்வாய் நாள் 190 · 13:30
வலை அகற்றம்

எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பொடி எலும்பாகவில்லை, ஈர மணலாகக் கரண்டியில் வந்தது. அதோடு சேர்த்து, அடியில் இருந்த அவருடைய சொந்த எலும்பும் கொஞ்சம் வந்தது. சீழ் அதையும் தின்றிருந்தது.

மிச்சம் நான்குக்கும் குறைவு. கீழ் உதட்டின் இடப்பக்கம் மரத்துவிட்டது. தண்ணீர் ஒழுகுவது அவருக்குத் தெரிவதில்லை.

காய்ச்சல் விட்டது. உயிருக்கு இன்று ஆபத்தில்லை.

செவ்வாய் நாள் 196 · 11:45
வேறு எலும்பு

அவருடைய உடலிலேயே வேறு இடத்து எலும்பை எடுத்து வைக்க முடியுமா என்று ஒரு வாரமாகத் தேடினேன். மோவாயில் எடுத்தால், முன்பற்களின் வேர் அங்கே நீளமாக இறங்கியிருக்கிறது. அந்தப் பற்களும் போகும். தாடையின் பின்மூலை காகிதம். இடுப்பு எலும்பு பஞ்சு. விலா ஒன்று தேறும். ஆனால் கொண்டுவந்து வைத்தால் போர்த்த ஈறு எங்கே? போன தடவையைவிடத் தழும்பு தடித்துவிட்டது. அங்கே ரத்த ஓட்டமும் இல்லை. மேலும், எந்த எலும்பும் கெட்டிப்பட ஐந்து மாதம். கிளம்பும் நாளுக்கு அவ்வளவு இல்லை.

இன்னொருவர் உடலாக இருந்தால் இவற்றில் ஏதோ ஒன்று முடிந்திருக்கும். இந்த உடலில் இல்லை.

மருத்துவர் தாயுமானவன் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பின்னணியில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"ரெனிட்டா, இது நான் வீட்டிலேர்ந்து பேசறேன். அந்த எட்டு மில்லிக் கணக்கை நான் சொல்லியிருக்கக் கூடாது. உங்க மூணை நான் ஒத்துக்கிட்டிருக்கணும். இந்தத் தாடையில இனிமே எலும்பு வளர்க்க எனக்கு வழி தெரியலம்மா. தெரியும்னு பொய் சொல்ல விரும்பல."

மூன்றை ஒத்துக்கொண்டிருந்தாலும் இத்ரீஸால் ஏறியிருக்க முடியாது. அதையே மருத்துவருக்குப் பதில் அனுப்பினேன்.

செவ்வாய் நாள் 203 · 16:00
பூமியின் முடிவு

"இத்ரீஸ் முகாமிலேயே தங்க வேண்டும். நெய்தல் குறித்த நாளில் தனியாகத் திரும்ப வேண்டும். அடுத்த கலத்தில் அவரை மீட்க எல்லா முயற்சியும் எடுக்கப்படும்."

முகாமில் உணவு பதினான்கு மாதத்துக்கு. அடுத்த கலம் வர இரண்டு வருடம் தாண்டும். இதை அங்கே எழுதிய யாருக்கும் தெரியாமல் இல்லை.

இத்ரீஸுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "சரி. நீங்க ஒழுங்காப் போய்ச் சேருங்க," என்றார். மரத்த உதட்டால் 'ப' வரவில்லை. 'ஃபோய்' என்று கேட்டது.

செவ்வாய் நாள் 231 · 05:50

தூக்கம் இல்லை. அவருடைய தாடைப் படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறேன். கண்ணை மூடினாலும் அந்தக் குழியும் நரம்பும் தெரிகின்றன. எத்தனை மாதமாக அந்த எலும்பை வளர்க்கவே பார்க்கிறேன்.

எலும்பு ஒடிவதால் யாரும் சாவதில்லை. மூச்சு அடைத்தால்தான் சாவு.

ஒடியட்டும். கழுத்தில் துளை போட்டு, மூச்சுக்குழாயில் நேராக ஒரு குழலை வைத்துவிட்டால், தாடை எப்படிப் போனாலும் மூச்சு ஓடும். விண்வெளி அங்கி முழுக்க ஒரே காற்றுதான். கழுத்து வளையத்துக்குக் கீழேயும் அதே காற்று. இது ஏன் இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய் நாள் 232 · 18:25
கணக்கு

குழல் மட்டும் போதாது. முழு வேகத்தில் ஏறினால் ஒடிந்த முனை உள்பக்க ரத்தக் குழாயைக் கிழிக்கும். உந்துவிசையைக் குறைத்து மெதுவாக ஏற வேண்டும். மெதுவாக ஏறினால் எரிபொருள் அதிகம் செலவாகும். அவரால் என் உயரத்துக்கு வர முடியாது. நான் கீழே இறங்கிப் பிடிக்க வேண்டும். இறங்கினால் திரும்பிப் போகும் எரிபொருளில் கை வைக்க வேண்டும்.

நான்கு விதமாகப் போட்டுப் பார்த்தேன். எந்த விதத்திலும் ஊர் போய்ச் சேர மிச்சம் இல்லை.

பூமி மறுத்தது. நியாயமாகவே மறுத்தது.

செவ்வாய் நாள் 240 · 12:10

இத்ரீஸிடம் குழலைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் பொறியாளர். மெதுவாக ஏறச் சொன்னதும் அவரே கணக்குப் போட்டுவிட்டார்.

இத்ரீஸ்: "அப்ப நான் உங்க ஒசரத்துக்கு வர மாட்டேனே. யார் கீழ வாரது?"

நான்: "நான் வாரேன்."

இத்ரீஸ்: "வந்து? அப்புறம் ரெண்டு பேரும் அங்கனயே சுத்திக்கிட்டு கெடக்கவா? கீழ வராதிய டாக்டரம்மா. சொல்லிட்டேன்."

நான்: "பூமியிலேர்ந்து உணவுக் கலம் அனுப்புவாங்க. ரெண்டு பேர் மேல இருந்தா அனுப்பித்தான ஆகணும்."

இத்ரீஸ்: "எப்ப வரும்?"

நான்: "தெரியாது."

இத்ரீஸ்: "உங்க அம்மா ஒத்தையில இருக்காங்கன்னு சொன்னிய."

நான்: "காக்கா, மறையப் போறிய. நாளைக்குப் பேசுவோம்."

அவருடைய முகாம் மறைய இன்னும் நேரம் இருந்தது. நான்தான் தொடர்பை அணைத்தேன்.

செவ்வாய் நாள் 296 · 09:00

ஏறக்குறைய இரண்டு மாதமாக இதே வாக்குவாதம். நேற்று அவர் துளை இயந்திரத்தை நிறுத்திவிட்டார். மாதிரிப் பெட்டிகளை மூடி, ஏறும் கலத்தில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்.

"வராதியன்னு சொன்னா கேக்க மாட்டிய. நான் வரலன்னாலும் நீங்க அங்கனயேதான் நிப்பிய. மொகத்தப் பாத்தாத் தெரியுது. அப்ப வந்தே தொலைக்கேன்."

அவர் சொன்னது சரி. குறித்த நாளில் கிளம்ப என் கை அந்தப் பொத்தானுக்குப் போயிருக்காது.

அனுமதிப் பத்திரத்தில் தாடை உயரம் என்ற இடத்தில் உள்ள அளவையே எழுதினேன். கீழே கையொப்பமிட்டேன்.

செவ்வாய் நாள் 311 · 15:30
கழுத்து

குழல் வைத்தபின் அவருக்குக் குரல் இருக்காது. அதனால் முதலில் வீட்டுக்குப் பேசச் சொல்லி, நான் ஒலியை அணைத்துக்கொண்டேன். நீண்ட நேரம் பேசினார். ஓரிடத்தில் சிரித்தார்.

பிறகு என்னிடம்: "கேக்குதா டாக்டரம்மா? ஏறும்போது நான் பேச மாட்டேன்னு பதறாதிய. கையுறையால நெஞ்சில தட்டுவேன். ஒண்ணு தட்டுனா நல்லா இருக்கேன். ரெண்டு தட்டுனா முடியலன்னு அர்த்தம். ரெண்டு தட்டுனாலும் உங்களால ஒண்ணும் செய்ய முடியாது, அதனால ஒண்ணுதான் தட்டுவேன்."

குழல் வைத்தாயிற்று. ரத்தம் குறைவு. மூச்சு குழல் வழியே விசில்போல வருகிறது.

செவ்வாய் நாள் 318 · 10:12
ஏற்றம்

கிளம்பினார். அதிர்வு. மார்பில் ஒட்டிய மைக்கில் விசில் கேட்கிறது. சீராக.

10:14 ஒரு தட்டு.

10:15 பாரம் ஏறுகிறது. மூச்சு வேகம். ஒரு தட்டு.

10:16 ஒரு சத்தம். காய்ந்த குச்சி ஒடிவதைப்போல. அது தாடை.

விசில் நின்றது

விசில் வருகிறது. வருகிறது. ஈரமாக. தட்டு இல்லை.

10:18 காக்கா தட்டுங்க. காக்கா. பதிவில் எழுதுகிறேன் என்று தெரிந்தே எழுதுகிறேன், வாய் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது

10:21 ஒரு தட்டு.

10:23 எஞ்சின் அணைந்தது. கணக்கிட்டதைவிடவும் தாழ்ந்த பாதை. அங்கே நீண்ட நேரம் நிற்காது. காற்று இழுத்துக் கீழே கொண்டுபோய்விடும்.

இறங்குகிறேன்.

செவ்வாய் நாள் 318 · 17:50

பூமியிலிருந்து வந்தது, இருபது நிமிடம் பழைய குரல்: "நெய்தல், இறங்க வேண்டாம். திரும்பச் சொல்கிறோம், இறங்க வேண்டாம்."

அது வந்தபோது அவருடைய கலம் என் ஜன்னலில் தெரிந்துகொண்டிருந்தது.

பிடித்தேன். இணைந்தது. கதவைத் திறந்ததும் ஹெல்மெட் முழுக்க ரத்தம் உருண்டைகளாக மிதந்தது. தாடை இடப்பக்கம் இரண்டாக. ஒரு முனை உள்பக்கம் குத்தி, நான் எதைத் தொடப் பயந்தேனோ அந்த ரத்தக் குழாயிலிருந்தே கசிகிறது. வாயின் தரை உப்பி நாக்கு மேலண்ணத்தை முட்டிக்கொண்டிருந்தது. வாய்வழி மூச்சுக்கு ஊசி நுழைய இடமில்லை. கழுத்துக் குழல் மட்டும் விசிலடித்துக்கொண்டிருந்தது.

குழாயைக் கட்டினேன். முதல்முறையாக இயந்திரக் கை இல்லாமல், என் சொந்த விரலால் அவரைத் தொட்டேன். சூடாக இருந்தார்.

செவ்வாய் நாள் 322 · 08:30

இன்று கிளம்ப வேண்டிய நாள். கிளம்பவில்லை. எரிபொருள் அளவியைப் பார்க்காமல் திரும்பினால் அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பூமி பேசியது. கோபம் இல்லாத குரல். ஆளில்லாக் கலம் ஒன்றில் உணவும் எரிபொருளும் அனுப்ப வேலை தொடங்கிவிட்டது. அது எங்களை எட்ட, எல்லாம் நன்றாக நடந்தால், பத்தொன்பது மாதம். இங்கே இருப்பது இருவருக்கு ஏழு மாத உணவு. பாதியாகச் சாப்பிட்டால் பதினான்கு. பாதிக்கும் கீழே எவ்வளவு நாள் ஓடும் என்று மருத்துவராக எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை.

ஒடிந்த தாடையைத் தகடு வைத்துப் பிணைக்க முடியவில்லை. ஆணி பிடிக்க எலும்பு இல்லை. வெளியே கம்பி கட்டி நிறுத்தியிருக்கிறேன். இந்த எலும்பு சேராது. அவர் இனி எதையும் மெல்லப் போவதில்லை.

செவ்வாய் நாள் 329 · 19:40

பனி மாதிரிகளை உறைபெட்டிக்கு மாற்றலாம் என்று அவருடைய கலத்துக்குள் போனேன். எத்தனையோ வருடம் எத்தனையோ பேர் உழைத்தது அந்தப் பனிக்காகத்தான்.

முதல் பெட்டியைத் திறந்தேன். பனி இல்லை.

வறுத்த கடலை. முறுக்கு. காய்ந்த இறைச்சித் துண்டுகள். கெட்டி ரொட்டி. கடலை மிட்டாய். இரண்டாவது பெட்டியிலும், மூன்றாவதிலும் அதேதான். முகாமின் உணவு அறையிலிருந்து கடித்து மெல்ல வேண்டியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, பனி இருக்க வேண்டிய எடைக்குச் சரியாக நிறுத்து அடைத்திருக்கிறார். கூழ்ப் பொட்டலம் ஒன்றுகூட இல்லை. எல்லாப் பெட்டியையும் கொட்டித் தேடினேன்.

எடுத்துப் போய் அவர் முன்னால் நின்றேன். இது யாருக்கு என்று கேட்டேன். அவருக்குப் பேச்சு வராது. சிலேட்டை வாங்கி எழுதினார்.

"உங்களுக்கு."

கீழே இன்னொரு வரி: "ஒரு ஆளுக்குன்னா பத்தொன்பது மாசம் தாராளமா வரும். எண்ணிட்டேன்."

சிலேட்டைப் பிடுங்கி அழித்தேன்.

செவ்வாய் நாள் 330 · 12:30

காலையில், அவருக்கு மூக்கு வழியே வைத்திருக்கும் குழாயில் கூழை இறக்கப் போனேன். அவர் குழாயை விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டார். கையை விலக்கினேன். மறுபடி பிடித்தார். பலமில்லாத கைதான். என்னால் பிரிக்க முடியும். பிரிக்கவில்லை.

கடலை மிட்டாயை ஒரு பையில் போட்டு ஸ்பானர் பிடியால் இடித்தேன். மாவாகும்வரை இடித்தேன். வெந்நீர் விட்டுக் கரைத்துத் துணியில் வடிகட்டினேன். ஒரே பையில் ஊற்றினேன், இரண்டாகப் பிரிக்கவில்லை. நீங்கள் குடித்தால் நானும் குடிப்பேன், இல்லையென்றால் இது இப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டு, அவர் பக்கம் மெல்லத் தள்ளினேன்.

வந்த பையைப் பார்த்தார். ஒரு விரலால் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

நான் தள்ளினேன்.

அவர் தள்ளினார். கம்பி கட்டிய வாயோடு, கண்ணால் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

இதை எழுதும்போது பை எங்கள் இருவருக்கும் நடுவில் மிதந்துகொண்டிருக்கிறது. யாரும் இன்னும் எடுக்கவில்லை. சூடு ஆறுகிறது